கோவை யாரோட கோட்டை?

"கோவை எங்க கோட்டை"ன்னு எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் உடனே நம்பிடாதீங்க. ஒரே ஒரு தடவை பார்த்த சுகரை வெச்சு நாங்க முடிவு சொல்றதில்ல. தேர்தல் ரிசல்ட்டும் அப்படித்தான். 2019, 2021, 2024 மூணையும் வரிசையா வெச்சுப் பாருங்க.

2019 மக்களவை: அதிமுகவும் பாஜகவும் ஒரே கூட்டணி. ஜெயிச்சது திமுக கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் பி.ஆர்.நடராஜன். வித்தியாசம் 1.79 லட்சம்.

2021 சட்டமன்றம்: அதே அதிமுக-பாஜக கூட்டணி. கோவை மக்களவைத் தொகுதிக்குள் வர்ற பல்லடம், சூலூர், கவுண்டம்பாளையம், கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர் ஆறும் அவங்களுக்கே!

2024 மக்களவை: ரெண்டு பேரும் தனித்தனி. திமுக கணபதி ராஜ்குமார் 5.68 லட்சம், பாஜக அண்ணாமலை 4.50 லட்சம், அதிமுக சிங்கை ராமச்சந்திரன் 2.36 லட்சம்.

"அந்த ரெண்டையும் கூட்டினா 6.86 லட்சமாச்சே, சேர்ந்து நின்னா ஜெயிச்சிருப்பாங்களே"ன்னு கேப்பீங்க. 2019ல சேர்ந்து நின்னுதானுங்க தோத்தாங்க! கட்சிகள் சேர்ந்தா ஓட்டும் அப்படியே சேர்ந்துடாது. டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்குன்னு தனித்தனியா போடுற ஊருங்க இது.

கோட்டைன்னு பேர் வந்துட்டா ஜெயிச்சவங்களும் கண்டுக்க மாட்டாங்க, தோத்தவங்களும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. அதனால, ஓட்டு கேட்டு யார் வந்தாலும் உங்க ஓட்டு ஏற்கெனவே அவங்க பையில இருக்குன்னு நினைக்க விடாதீங்க. நிறுத்தி நாலு கேள்வி கேளுங்க.