அடியைக் கவனி

மண் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சக்கரத்தின் மேல்தான் கண். சுற்றுகிற மண்ணில் விரல் பட்டதும் சுவர் எழும்பி வரும் அழகு அப்படி. ஆனால் பூச்சாடி தேறுமா தேறாதா என்பதை அதன் அடிதான் சொல்லும்.

சுவரை இழுக்கும்போது இரண்டு கை விரல்களுக்கும் நடுவில் மண் நெருங்கி இறுகிவிடுகிறது. அடிக்கு அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. போதாததற்கு, ஊற்றிய தண்ணீரும் அங்கேதான் தேங்குகிறது. காயும்போது சுவர் ஒரு விதமாகவும் அடி ஒரு விதமாகவும் சுருங்க, நடுவில் நெளிந்து ஒரு விரிசல் ஓடும். பல நேரம் சூளையைப் பிரித்த பிறகுதான் அது கண்ணில் படும். இதற்கு வைத்தியம் சுலபம்: சுவரை எழுப்பும் முன்பே அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும், தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வாங்குகிறவர் திருப்பிக்கூடப் பார்க்காத இடம் அது. அங்கே மனம் வைத்து உழைக்கப் பழகிய பிள்ளை வேறு எந்த வேலையிலும் அரைகுறையாக நிற்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வயதானவர்கள் கற்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தப் புஜபலம் வேண்டியதில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுத்தால் போதும்.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் இந்த வேலையைக் கற்றவர். அவர்களிடம் பயின்ற பலர் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் சொந்தச் சூளை போட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் ஸ்டோன்வேர் கற்க முடிவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்டோன்வேர் ஏறக்குறைய 1,200 முதல் 1,300 டிகிரி வரை வேகும். அந்தச் சூட்டில் மண் இறுகி நீரை உறிஞ்சாமல் போகும். பூச்சாடிக்கு அதுதான் தேவை. நம் ஊர் வேளார் சுடும் சிவப்புத் தொட்டி அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்தது. அதன் சுவர் ஈரத்தை வெளியே விடும், வேருக்குக் காற்றும் போகும். செடிக்கு எது நல்லது என்று கேட்டால், சிவப்புத் தொட்டிதான் என்பேன். ஸ்டோன்வேரில்தான் தொட்டி வேண்டும் என்றால் அடியில் துளை தாராளமாக இருக்கட்டும். ஈரத்தில் போட்ட துளை வெந்து முடிவதற்குள் 10 முதல் 12 சதவீதம் வரை சுருங்கும். மண் பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் துளையிடுங்கள், கீழே சிறு கால்கள் ஒட்டுங்கள், நீர் தடையின்றி வடியும்.

பிறகு காயவைத்தல். இங்கே அவசரம் கூடவே கூடாது. பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வைத்து அடியையும் ஆற விடுங்கள். உள்ளே ஈரம் நின்றால் சூளையில் 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, பாண்டத்தையே உடைத்துவிடும். கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சைப் பூசியதும் அடியை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளேஸ் உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

வெந்து வந்த பூச்சாடியில் நீர் நிரப்பி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். தாள் நனையாவிட்டால் யாருக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். நனைந்தால் காய்ந்த பூக்களுக்கு வைத்துக்கொண்டு, அடுத்த உருண்டையைப் பிசையுங்கள்.