மூடாத மடை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டிற்கு இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர், தலைப்பிரசவத்திற்காக வந்த என் அக்கா. மற்றவர், மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் ஆபரேஷனும், ஊரார் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து திரும்பிய என் அத்தை. சிலமலையில் எங்கள் வீடு சிறியது. அந்தச் சிறிய வீட்டுக்குள் என் அப்பத்தா கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கிழித்துவிட்டார்.

அக்காவிற்கு உள்ளறை, அத்தைக்குத் திண்ணை. அத்தைக்கெனத் தனித் தட்டு, தனித் தம்ளர். "வயித்துப் பிள்ளைக்காரி, அவ பக்கம் போகாத தாயி" என்று அக்காவிடம் சொல்லி வைத்தார். அப்பத்தா கல்நெஞ்சக்காரர் அல்லர். அத்தை அவர் பெற்ற மகள்தானே! இரவில் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவதை நான் கேட்டிருக்கிறேன். மகளுக்கு வந்தது பேத்தி வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிவிடுமோ என்னும் பயம் அது.

அத்தையோ, இருபது ஆண்டுகளாக விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்திற்குச் சென்று காய் எடுத்தவர். எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைத் தாமே கழுவித் திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்துக்கொள்வார்.

மனம் பொறுக்காமல் எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன்: "சிஸ்டர், புற்றுநோய் தொத்துமா?"

"தொத்தாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் மாலையில் என்னை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து ஒரு சின்னஞ்சிறு ஈயின் கதையைச் சொன்னார்கள்.

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1973 இல் ஆர். பி. சர்மா என்ற இந்திய விஞ்ஞானி, சிறகு இல்லாமல் பிறக்கும் ஒரு வகைப் பழ ஈயைக் கண்டு அறிவித்தார். புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் அவரும் வி. எல். சோப்ராவும் அதை ஆராய்ந்து 1976 இல் விரிவாக எழுதினர். ஒரே ஒரு மரபணு பழுதானதால் சிறகு உருவாகாமல் போயிற்று. அதற்கு 'விங்லெஸ்' என்று பெயர்.

1982 இல் அமெரிக்காவில் ரோல் நுஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் என்னும் இருவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். சுண்டெலிகளுக்கு மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. அது எலியின் செல்லுக்குள் ஒரு மரபணுவின் அருகே போய் ஒட்டிக்கொண்டு, உறங்கிக் கிடந்த அதனை எழுப்பிவிடுகிறது என்று கண்டனர். அம்மரபணுவிற்கு 'இன்ட்-1' என்று பெயரிட்டனர்.

1987 இல் உண்மை வெளிப்பட்டது. ஈயின் சிறகை உருவாக்கும் மரபணுவும், எலிக்குப் புற்றை வளர்த்த மரபணுவும் ஒன்றே! இரண்டு பெயரையும் இணைத்து இன்று அதை 'வின்ட்' என்கின்றனர்.

"புற்றுநோய் தரும் மரபணுவைக் கடவுள் ஏன் படைத்தார், சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"அது புற்றுநோய்க்காகப் படைக்கப்பட்டதன்று, மகளே! 1990 இல் அந்த மரபணு வேலை செய்யாத எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றுக்கு மூளையின் நடுப்பகுதியும் சிறுமூளையும் சரியாக உருவாகவில்லை, பல பிறந்ததும் இறந்துபோயின. கருவில் அது இல்லையேல் மூளை சரியாக உருவாகாது" என்றார்கள்.

அப்போது எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய் மடை நினைவிற்கு வந்தது. நாற்று நட்டதும் மடையைத் திறக்கிறோம், தண்ணீர் பாய்கிறது, பயிர் எழுகிறது. போதுமானதும் அடைக்கிறோம். மடை உடைந்து அடைபடாமற்போனால், பயிரை வளர்த்த அதே தண்ணீர் பயிரை அழுகச் செய்கிறது. கருவிலே ஒரே செல், பலவாகப் பெருகி, இடம் பெயர்ந்து, கண்ணாகவும் கையாகவும் ஆக வேண்டும். 'பெருகு, நகர்' என்று கட்டளையிடும் மரபணுக்கள் அப்போது திறந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் பல அடைபடுகின்றன அல்லது அளவாகப் பாய்கின்றன. வயது சென்றபின் பழுதுபட்டு மீண்டும் திறந்துகொண்டால் அதுவே புற்று. கெடும் மடை எல்லாருக்கும் ஒன்றல்ல. 'வின்ட்' வழி கெடுவது மனிதரில் பெருங்குடல் புற்றில் மிகுதி. அத்தைக்குக் கெட்டது வேறாக இருக்கலாம்.

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் 'ஆல்ஃபா ஃபீட்டோ புரதம்' என்ற ஒன்றைச் சுரக்கிறது. பிறந்தபின் அது மிகவும் குறைந்துவிடும். கல்லீரல் புற்று வந்த பலருக்கு அது மீண்டும் இரத்தத்தில் ஏறுகிறது. குழந்தைப் பருவத்துச் சுரப்பே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிறது!

வீட்டிற்கு வந்து அப்பத்தாவிடம் மடைக் கதையைச் சொன்னேன். "அப்ப அது வெளிய இருந்து வந்த சனியன் இல்லையா?" என்று கேட்டார். "இல்ல அப்பத்தா, நம்மள வளத்த தண்ணிதான் மடைய மீறிப் போச்சு" என்றேன். பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அக்காவைப் பரிசோதித்த டாக்டரம்மாவிடம் தாமே கேட்டார். தொட்டால் ஒட்டாது என்றும், எந்திரம் தந்த கதிர் அத்தையின் உடம்பில் தங்கியிராது என்றும் அவர் விளக்கினார்.

மறுநாள் காலையில் அத்தையின் தம்ளர் அடுப்படி அலமாரியில் எங்கள் தம்ளர்களோடு இருந்தது. யார் எடுத்து வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அன்று மாலை பிள்ளை உதைத்தபோது அக்கா அத்தையின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அத்தை இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார்; பரிசோதனைக்குப் போய் வருகிறார். பயம் முழுதும் தீரவில்லை. ஆனால் அந்தக் கோடு இல்லை.

தோழியரே! தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துயரத்தோடு நின்றுவிடவில்லை. 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். நம்மால் மருத்துவமனை கட்ட இயலாமற்போகலாம். நம் அம்மா, அத்தைமாரிடம் 'மார்பில் கட்டி தெரிந்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று சொல்ல இயலும். நோயுற்றவரின் தம்ளரைத் திண்ணையிலிருந்து உள்ளே எடுத்து வைக்கவும் இயலும்.

தாயின் கருவில் நம்மை உருவாக்கிய இறைவன், நோயுற்றோர் அனைவரையும் காப்பாராக!