பம்பாய் வளைகோடு

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் மாண்டவர்களின் எண்ணிக்கை, ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக நிற்கிறது. அப்புள்ளிகளினூடே ஏறி இறங்கும் கோடு, எடின்பரோவின் கெர்மாக்கும் மெக்கென்டிரிக்கும் தம் சமன்பாடுகளிலிருந்து 1927-இல் பெற்றது. (கெர்மாக் 1924-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் பார்வையிழந்தவர். இக்கோட்டை அவர் கண்டதே இல்லை.)

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை எனலாம். 2020-இல் நம் தாயார் தொற்றுக்கு ஆளாகிப் பின்னறையில் தனித்திருந்தார். எத்தனை நாள் என்பதே வீட்டின் கேள்வி. கணிதத்துறை நண்பரிடம் கேட்கப்போய்த் தொடங்கிய படிப்பு இது.

பம்பாய்க் கோட்டை மூன்று எண்கள் முழுமையாகத் தீர்மானிக்கின்றன: 890, 0.2, 3.4. ஆனால் அதன் பின்னே மறைந்திருப்பவை நான்கு: நோய் தொற்றும் வேகம், நோயிலிருந்து நீங்கும் வேகம், தொடக்கத்தில் நோய்க்கு ஆளாகக்கூடியவர் தொகை, அன்றே நோயுற்றிருந்தவர் தொகை. மூன்றைக் கொண்டு நான்கை மீட்பது எங்ஙனம்? ஒன்றை நாமாக ஊகித்து வைத்தால், மற்ற மூன்றும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். கோடு இம்மியும் அசையாது. புள்ளிவிவரம் பிழையற்றதாயினும் இக்குறை தீராது. குறை தரவில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது. பெல்மனும் ஆஸ்ட்ரோமும் 1970-இல் இதனைத் தனிச் சிக்கலாக வரையறுத்தனர். 'அடையாளங்காணுமை' என்று சொல்லிப் பார்க்கிறோம். இதனினும் நல்ல சொல் அகப்பட்டால் நண்பர்கள் தருக.

கொரோனாவின் தொடக்கத்திலும் இதே முடிச்சுதான். நோயாளர் தொகை பெருகும் வேகம், தொற்றும் வேகத்துக்கும் நீங்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே சொல்லும். விரைந்து பரப்பி விரைந்து நீங்குகிறாரா, மெல்லப் பரப்பி நெடுநாள் நீடிக்கிறாரா? இரண்டுக்கும் ஒரே கோடு. பின்னறைக் கதவைத் திறக்கும் நாளோ இரண்டுக்கும் வேறு. அந்நாளைச் செய்தித்தாளின் வளைகோடுகள் தரவில்லை. நோயாளர் ஒவ்வொருவரையும் நாள்தோறும் பரிசோதித்த மருத்துவர்களின் குறிப்பேடுகளே தந்தன.

கெர்மாக்கும் மெக்கென்டிரிக்கும் இதனை அறியாதவர்கள் அல்லர். மனிதரிடம் கண்ட பிளேக், எலிகளிடம் நிகழ்ந்ததன் நிழல். ஆகவே இம்மாறிலிகளின் மெய்யான மதிப்புகளை இதிலிருந்து பெற முயல வேண்டாம் என அக்கட்டுரையிலேயே எச்சரித்தனர். பம்பாயில் நோய் ஆண்டுதோறும் பருவத்தையொட்டித் திரும்பியதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2012-இல் பக்காயர் காட்டினார். நாம் புரட்டிய பாடநூல்கள் இரண்டிலும் கோடு அழகாக அச்சாகியிருக்கிறது, எச்சரிக்கையைக் காணோம்.