கட்டில் விளிம்பில் ஒட்டியது

வேடசந்தூர்ப் பக்கம் போயிலைக் காட்டில் வளர்ந்தவன் நான். பனி ஈரம் காயாத செடிகளுக்குள் விடியற்காலையில் இறங்கிக் கிள்ளிவிட்டு வரும் அம்மா, சில நாள் வாந்தியும் தலைசுற்றலுமாகத் திண்ணையில் சாய்ந்துவிடுவாள். வெயில் என்று நினைத்து மோர் கொடுப்போம். இலையின் நிகோடின் ஈரத்தோடு தோல் வழியே ஏறியது என்பது எனக்குத் தெரிந்தபோது அவள் இல்லை. இப்படிக் காட்டில் மயங்கியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான், 1980களில் அமெரிக்காவில் மரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற ஆய்வாளர்கள் புகையிலைச் சாற்றைத் தங்கள் தோலிலேயே தடவிப் பார்த்தார்கள். சிகரெட்டை விடத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் அப்படி வந்தது.

இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு தப்பைச் செய்தேன்.

நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவன். டாக்டர் 21 மில்லிகிராம் பேட்ச் எழுதிக் கொடுத்தார். காலையில் மனைவி பார்க்க மேல்கையில் ஒட்டுவேன். பத்து மணிக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பின்னால் ரெண்டு சிகரெட். நெஞ்சு படபடக்கும், குமட்டும். "பேட்ச் ஒத்துக்கலை" என்று வீட்டில் சொல்வேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு எல்லோருக்கும் காட்டுவேன். விடுவதற்கு ஒட்டவில்லை, விட்டுவிட்டதாகக் காட்ட ஒட்டினேன்.

இரவில் உரித்ததைக் கட்டில் விளிம்பில் ஒட்டி வைப்பது வழக்கம். ஒருநாள் மூன்று வயசுப் பேத்தி அதை எடுத்துத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டாள். "தாத்தா ஸ்டிக்கர்" என்றாள். சற்று நேரத்தில் வெளிறிப்போய் வாந்தி எடுத்தாள். ஒருநாள் ஒட்டி எடுத்த பேட்ச்சிலும் குழந்தையைச் சாய்க்கிற அளவு நிகோடின் மிஞ்சியிருக்கும். மகள் அதைப் பிய்த்தெறிந்து, தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "குழந்தை என்ன சாப்பிட்டாள்?" என்று டாக்டர் கேட்டபோது, எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன். மகள்தான் சொன்னாள். சாயங்காலம் பேத்தி தேறிவிட்டாள். மகள் என்னைப் பார்த்து, "பயந்துட்டீங்களாப்பா, வெக்கப்பட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பேட்ச் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தார். 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். தினம் வேறு இடத்தில், முடியில்லாத உலர்ந்த தோலில். வெட்டக் கூடாது, ஒன்றின் மேல் இன்னொன்று ஒட்டக் கூடாது. ஒட்டியதும் கை கழுவணும். அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது, சூடு பட்டால் நிகோடின் வேகமாக ஏறும். கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். இதய நோயோ வேறு மருந்தோ இருந்தால் முதலில் சொல்லிவிடணும். உரித்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைக்கு எட்டாமல் போடணும்.

பத்து வாரம் முடிந்தது. இப்போது புகைப்பதில்லை. 1800-11-2356 என்ற இலவச உதவி எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வருஷக்கணக்காக அதைக் கட்டை விரலால் மறைத்துத்தான் பாக்கெட்டைத் திறந்திருக்கிறேன். நீங்கள் விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள்.