தாலாட்டும் தட்டச்சும்

எங்கள் வெள்ளகோவிலில் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. அவ்வோசைக்கிடையே என்னை உறங்கவைத்த தாலாட்டின் மெட்டை முழுதும் அறிந்தவர் இன்று என் அன்னை ஒருவரே. எண்பதைக் கடந்த அவர்தம் குரல் தளருமுன் அம்மெட்டை எழுதிவைக்க விரும்பினேன்.

அதற்காக 'லில்லிபாண்ட்' என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயின்றேன். நெதர்லாந்து நாட்டினர் இருவர் 1996இல் தொடங்கிய பணி அது. சுரத்தை எழுத்தாகவும் அதன் கால அளவை எண்ணாகவும் தட்டச்சு செய்தால், ஐங்கோட்டின்மீது இசைக்குறிகளை அதுவே அமைத்துத் தரும். எண்ணை விடுத்தால், முந்தைய சுரத்தின் அளவையே அடுத்த சுரத்திற்கும் கொள்ளும். நான் மறந்த ஓர் எண்ணால், நீளவேண்டிய சுரங்கள் குறுகித் தாலாட்டு ஓட்டமாயிற்று! நான் நினைத்ததை அன்று, எழுதியதையே கணினி ஏற்றது.

பிழை திருத்தியபின் கணினி இசைக்கக் கேட்ட அன்னை, "மெட்டு செரித்தான் கண்ணு, அந்த இழுப்பக் காணமே?" என்றார்.

அவ்விழுப்பே கமகம். 1893இல் கருநாடக இசையை மேனாட்டுக் குறியீட்டில் பதிப்பித்தார் சின்னசாமி முதலியார். 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்ட எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரோ, கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையே கையாண்டார்.

இப்போது அச்சிட்ட தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத இழுப்பை அன்னையிடம் பாடிப் பயில்கிறேன்.