இரண்டாம் சரணம்

கிழக்குத் தாம்பரத்தில் இருப்புப்பாதைக்கு அருகில் எங்கள் வீடு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில்தான் எங்கள் தெருவுக்குக் கடிகாரம். மாலை ஏழு மணிக்கு அம்மா மாதா சுரூபத்தின் முன் விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்குவார். முடிவில் பழைய மாதா பாடல் ஒன்றைப் பாடுவார். பாட்டின் நடுவே எப்படியும் ஒரு வண்டி கடந்து செல்லும். அம்மா பாட்டை நிறுத்துவார். ஓசை அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நாங்களோ அந்த இடைவெளியைச் சாக்காகக் கொண்டு ஒவ்வொருவராக எழுந்துவிடுவோம். இரண்டாம் சரணத்தை அம்மா பெரும்பாலும் தனியாகவே பாடி முடித்தார்.

அவர் மறைந்தபின் செபமாலை வாரத்துக்கு ஒருநாள் என்றாயிற்று. பின்னர் அதுவும் நின்றது. பாட்டு அதற்கும் முன்பே நின்றுபோயிருந்தது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் மகளைக் காண நாங்கள் இருவரும் சிங்கப்பூர் சென்றிருந்தோம். அங்கே ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் உள்ளது. கடல் கடந்து பிழைக்க வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பெற்று, 1888இல் கட்டி முடிக்கப்பெற்ற கோயில் அது. ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து புறப்பட முற்பட்டபோது பாடகர் குழுவினர் ஒரு பாடலைத் தொடங்கினர். எங்கள் கால்கள் நின்றுவிட்டன. அம்மாவின் பாட்டு!

பல்லவியையும் முதல் சரணத்தையும் கண்ணீரோடு பாடினோம். அதன் முடிவில் எங்கள் குரல் தானாகவே நின்றது. வண்டி கடந்து செல்லட்டும் என்று காத்திருந்தோம் போலும். அங்கே ஏது வண்டி? ஆலயம் முழுவதும் இரண்டாம் சரணத்தைப் பாடிற்று. எங்களுக்கோ அதில் ஒரு சொல்லும் தெரியவில்லை. அருகில் நின்ற மூதாட்டியார் ஏட்டைப் பாராமலே பாடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து அவரோடு பேசினோம். பாட்டனார் காலத்திலேயே அங்குக் குடியேறிய குடும்பம்; தமிழகத்தை அவர் ஒருமுறையும் கண்டதில்லை. தம் தாயார் கற்பித்த பாட்டு என்றார். பிறகு, "உங்கள் வீட்டிலும் இதைப் பாடுவீர்கள் அல்லவா, தம்பி?" என்று ஆவலோடு கேட்டார்.

"பாடுகிறோம், அம்மா" என்றோம்.

கோயில் வாசலில் நின்று சொன்ன பொய். மகள் வீடு சேரும்வரை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஊரைக் காணாதவர் நெஞ்சில் வைத்துக் காத்ததை, ஊரிலேயே இருந்த நாங்கள் கேட்பாரற்றுப் போகவிட்டோமே!

தாம்பரம் திரும்பிய அன்றே பரணிலிருந்து அம்மாவின் பாடல் புத்தகத்தை இறக்கினோம். அந்தப் பக்கம் மட்டும் விளக்கெண்ணெய் படிந்து மஞ்சளித்திருந்தது. அன்று மாலை விளக்கேற்றிச் செபமாலை சொல்லி, தட்டுத்தடுமாறிப் பாடத் தொடங்கினோம். வழக்கம்போல் வண்டி வந்தது. பாட்டை நிறுத்தினோம். ஓசை அடங்கும்வரை இருவரும் எழாமல் காத்திருந்து, இரண்டாம் சரணத்தைத் தொடர்ந்தோம்.

சிங்கப்பூர் அம்மாவுக்குச் சொன்னதை ஒவ்வொரு மாலையும் இப்படித்தான் மெய்யாக்கி வருகிறோம்.