குலசைக்கு வந்தா தேரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க

தசராவுக்கு லட்சக்கணக்குல சனம் வருது நம்ம குலசேகரன்பட்டினத்துக்கு. காளி, குறவன், கரடின்னு வேஷம் கட்டி, முத்தாரம்மனுக்குக் காணிக்கை போட்டு, கடற்கரையில சூரசம்ஹாரம் பாத்துட்டு பஸ் ஏறிடுதாங்க. "கோயிலை விட்டா உங்க ஊர்ல வேற என்ன இருக்கு அண்ணாச்சி?"ன்னு சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல மணப்பாடு. குலசைக்குத் தெற்கே, பக்கத்து ஊருதான். கருமேனியாறு கடல்ல சேருற இடம். மணல் இறுகிக் கல்லான குன்று ஒண்ணு கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அதுமேல திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கினதாச் சொல்ற குகை. சாயங்காலம் போங்க.

அடுத்தது தேரிக்காடு. உடன்குடி வழியா காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் போனா, குங்குமத்தைக் கொட்டி வெச்ச மாதிரி செம்மணல்! மணல்ல ஒவ்வொரு பொடி மேலயும் இரும்பு ஆக்ஸைடு பூச்சு, அதான் அந்த நிறம். ராக்கெட் ஏறாமலே செவ்வாய் கிரகம் பாத்துடலாம் :-) ஆடிக் காத்துக்கு மேடே இடம் மாறும். பனையும் கொல்லாமரமும் (முந்திரியைத்தான் சொல்றேன்) அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. இந்தத் தேரிகள்ல கிடைச்ச நுண்கற்கருவிகளைப் பத்தி 1956-லயே ஸாய்னரும் ஆல்சினும் கட்டுரை எழுதியிருக்காங்க. அவ்வளவு பழைய காலத்துலயே இங்க ஆள் நடமாட்டம் இருந்திருக்கு.

இந்தக் காட்டுக்குள்ள தண்ணி இருக்குன்னா நம்புவீங்களா? மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. பேருலயே சுனை இருக்கு. மழை பெஞ்சா தேரியில ஓடை ஓடாது, மொத்தத்தையும் மணல் குடிச்சிரும். அந்தத் தண்ணிதான் அடியில தங்கி, சுனையாவும் கிணறாவும் நமக்குத் திரும்பக் கிடைக்குது. நல்ல தண்ணி கடல் தண்ணியை விட லேசு. அது நிலத்தடியில நிறைஞ்சு நின்னாதான் உப்பு உள்ள வராம தள்ளி நிக்கும். உறிஞ்சி எடுத்துட்டா கடல் உள்ள வந்துரும். உடன்குடி சுத்துவட்டாரத்துல நிறைய கிணறு உப்பாயிட்டு. எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியில இப்ப பருப்பு வேக மாட்டேங்குது. அம்மா குடத்தைத் தூக்கிக்கிட்டு குழாயடிக்குப் போறா.

2024 பிப்ரவரி 28-ல குலசையில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. இங்கேருந்து இலங்கையைச் சுத்தாம நேரா தெற்கே விடலாம். எனக்கும் பெருமைதான். ஆனா ரோடும் விடுதியும் மனைவிலையும் கூடவே வரும். அப்ப யாராவது தேரியைக் காட்டி "சும்மா கிடக்கிற மண்ணுதானே"ம்பான். கார்த்திகைக் கடைசியில கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுக்கு வாங்க. இதே மண்ணை ஜனங்க மடியில கட்டி வீட்டுக்குக் கொண்டு போறதைப் பாக்கலாம். அவங்களுக்கு அது சும்மா மண்ணு இல்ல.

தேரிக்குக் காலையில வெள்ளன போயிருங்க, பத்து மணிக்கு மேல கால் வெந்துரும். உள்ள எல்லாத் திசையும் ஒண்ணு போலதான் இருக்கும், உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கோங்க. பங்குனி, சித்திரைன்னா பதநீர் கிடைக்கும். குடிக்கத் தண்ணி கொண்டு போங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துருங்க மக்களே.